கன்றை நக்கும் பசு: கல்லிலும் வைக்கோலிலும் ஒரு கறவைப் பாடம்

திருவொற்றியூர் என்றால் இன்று ஆலைகளும் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். தெற்கே இராயபுரமும் துறைமுகமும், வடக்கே எண்ணூர்த் தொழிற்சாலைகளும் இருக்க, நடுவில் இருக்கிறது தியாகராஜசுவாமி கோயில். வடிவுடையம்மனைத் தரிசிக்கப் பௌர்ணமி நாட்களில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து விவசாயிகளும் அங்கே வருகிறார்கள். அடுத்த முறை வருகிறவர்கள் தரிசனம் முடிந்த பிறகு கோயில் சுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஆடு மாடு வளர்ப்போருக்கு வேண்டிய ஒரு செய்தி அங்கே கல்லில் இருக்கிறது.

பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் இந்தக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கப் பலர் தானம் செய்தார்கள். நந்தா விளக்கு என்றால் இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. அதற்கு நெய் வேண்டும். சிலர் பொன் கொடுத்தார்கள். சிலர் ஆடு கொடுத்தார்கள். யார் கொடுத்தது, எத்தனை கொடுத்தது என்ற விவரம் கல்லில் வெட்டி வைக்கப்பட்டது.

சாகாத ஆடு, மூப்படையாத ஆடு

அக்காலக் கோயில்களில் ஒரு விளக்குக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆட்டைப் பெற்றுக்கொள்ளும் இடையருக்கு மன்றாடி என்று பெயர். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். நான்கு உழக்கு கொண்டது ஒரு நாழி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஒரு எருமையின் நெய் மூன்று பசுவுக்குச் சமம், ஆறு ஆட்டுக்குச் சமம் என்று அன்றே மதிப்புப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக் கொடுத்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஒரு பெயர் உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. சாகாதது, மூப்படையாதது என்று பொருள்.

உலகில் சாகாத ஆடு உண்டா? இல்லை. ஆனால் சாகாத மந்தை உண்டு. கிழ ஆட்டைக் கழித்து, அதன் இடத்தில் பெண் குட்டியை நிறுத்தினால் எண்ணிக்கை 90 என்பது 90 ஆகவே நிற்கும். ஒரு பெட்டை ஆடு ஐந்தாறு வருடம் பயன்தரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 90 ஆட்டில் வருடத்துக்குப் பதினைந்து முதல் பதினெட்டு ஆடுகளை மாற்ற வேண்டும். அத்தனை பெண் குட்டிகளாவது நோய் நொடியின்றிப் பிழைத்து வளர வேண்டும். அதற்கு மேல் பிழைத்த குட்டிகளால் மந்தை பெருகும். குட்டிகள் செத்தால் சில வருடத்தில் மந்தையே தேய்ந்துவிடும். விளக்கும் அணைந்துவிடும்.

ஆகவே மன்றாடி நெய்யை அளந்தாலும் உண்மையில் காப்பாற்றியது குட்டிகளைத்தான். தாயிடம் நாம் எடுப்பது போகக் குட்டிக்கு உரியது குட்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை.

மாமல்லபுரத்துப் பசு

திருவொற்றியூரில் எழுத்தாக இருக்கும் இந்தக் கணக்கு, அதே கடற்கரையில் தெற்கே உருவமாகவும் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபம் என்ற இடம் உண்டு. அர்ச்சுனன் தபசு என்று எல்லோரும் பார்க்கும் பெரும்பாறைக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. பல்லவர் காலத்தில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில், அங்கே உள்ள பாறையில் கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கும் காட்சியைச் செதுக்கினார்கள். முன்னால் உள்ள தூண் மண்டபம் பல நூற்றாண்டு கழித்து விஜயநகர மன்னர் காலத்தில் கட்டியது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெருமழை கொட்டுகிறது. ஆயர்பாடி மக்களையும் மாடு கன்றுகளையும் காப்பாற்றக் கண்ணன் மலையைக் குடையாகப் பிடிக்கிறான். அந்த மலையின் கீழ் மக்கள் நிற்கிறார்கள். ஒருத்தி தலையில் சுமையோடு போகிறாள். ஒருவர் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒருவர் குழல் ஊதுகிறார். இவர்களுக்கிடையில் ஓர் ஆயர் குந்தி உட்கார்ந்து பசுவைக் கறந்துகொண்டிருக்கிறார். ஊரே மழைக்கு ஒதுங்கி நிற்கிற நேரத்திலும் கறவை நிற்கவில்லை. மாடு வைத்திருப்பவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. புயல் அடித்தாலும் வீட்டில் சாவு விழுந்தாலும் வேளைக்குக் கறந்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

சுற்றுலா வருகிறவர்கள் கண்ணனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விவசாயி பார்க்க வேண்டியது கன்று நிற்கும் இடத்தை. ஆயர் மடியில் கறக்கிறார். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நாக்கால் நக்கிக் கொடுக்கிறது. கன்று தாயின் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அழகுக்காக மட்டும் சிற்பி அதை அங்கே நிறுத்தவில்லை. கறவை நடப்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர் அவர். கன்றை அங்கே நிறுத்தினால்தான் பால் இறங்கும் என்பது 1,300 ஆண்டுகளுக்கு முன்பே ஆயர்களுக்குத் தெரிந்திருந்தது.

பால் எப்படி இறங்குகிறது?

மடி என்பது பாலை நிரப்பி வைத்த பை அல்ல. பாலின் பெரும்பகுதி மடிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணறைகளில் இருக்கிறது. காம்புக்கு மேலே உள்ள குழியில் தானாக வந்து தங்கியிருப்பது பசுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். எருமையில் அதைவிடவும் குறைவு. மீதிப் பால் இறங்க வேண்டுமானால் மாட்டின் உடலே ஒத்துழைக்க வேண்டும்.

கன்று முட்டும்போதும், கன்றைத் தாய் முகர்ந்து நக்கும்போதும், மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் தடவும்போதும் நரம்புகள் வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி 'ஆக்சிடோசின்' என்ற சுரப்பு நீரை இரத்தத்தில் விடுகிறது. அது மடியை அடைந்ததும் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்கிப் பாலைக் கீழே தள்ளுகின்றன. இதற்குச் சுமார் ஒரு நிமிடம் ஆகும். இதன் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான் இருக்கும். கறவையை அதற்குள் முடிக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

மாடு பயந்தாலும், அடிபட்டாலும், புதிய ஆள் வந்து உட்கார்ந்தாலும் இதற்கு நேர்மாறாக நடக்கும். பயத்தில் சுரக்கும் 'அட்ரினலின்' பாலைத் தடுத்துவிடும். மாடு பாலை எக்கிக்கொள்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். அது மாட்டின் திருட்டுத்தனம் அல்ல, பயத்தின் விளைவு. 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்' என்ற பழமொழிக்கு இன்றைய விஞ்ஞானம் சொல்லும் விளக்கமும் இதுவே.

இராயபுரத்து வாசலில் வைக்கோல் கன்று

இனி மீண்டும் வடசென்னைக்கு வருவோம். 1856இல் இராயபுரத்தில் ரயில் நிலையம் வந்தது. பிறகு துறைமுகமும் ஆலைகளும் வளர்ந்தன. தொழிலாளர் குடும்பங்கள் பெருகின. அத்தனை வீட்டுக்கும் டீக்கடைக்கும் பால் வேண்டும். சந்துகளிலும் கொட்டகைகளிலும் மாடுகளைக் கட்டினார்கள். பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கண்ணெதிரே கறந்து கொடுப்பார். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அந்தக் காலத்துச் சென்னைத் தெருக்களைப் பார்த்த பெரியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பால்காரரின் கக்கத்தில் ஒரு வைக்கோல் கன்று இருக்கும். செத்துப்போன கன்றின் தோலை உரித்து, காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்திருப்பார்கள். சிலவற்றுக்குக் கால்களுக்குப் பதில் குச்சிகள் இருக்கும். பசுவின் முன்னால் அதை வைத்ததும் பசு முகர்ந்து பார்க்கும், நக்கும். நக்குவதற்காக அதன்மேல் உப்பைத் தடவுவதும் உண்டு. மடி இறங்கும். பால்காரர் கறப்பார்.

இதுவும் ஓர் உருவம் செய்யும் கலைதான். மாமல்லபுரத்துச் சிற்பி மனிதர் பார்ப்பதற்காகக் கல்லில் ஒரு கன்று செய்தார். பால்காரர் மாடு பார்ப்பதற்காகத் தோலில் ஒரு கன்று செய்தார். இரண்டு கன்றும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: கன்றின் நினைப்பு இல்லாமல் தாய் பால் இறக்காது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கல்லில் இருப்பது உயிருள்ள கன்றின் படம். தெருவில் வந்தது செத்த கன்றின் தோல்.

வைக்கோல் கன்று வைத்திருந்தவர்களை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. கன்றை இழந்த பசுவை அடித்துக் கறப்பதைவிட அது மேல். ஆனால் அந்தக் கன்று ஏன் செத்தது என்று கேட்க வேண்டும். நகரத்தில் பாலை ஆழாக்கு ஆழாக்காக விற்கலாம். கன்று குடிப்பதெல்லாம் காசு. கன்றைக் கட்ட இடமும் இல்லை. வண்டிக்கு மாடு வேண்டியிருந்த வரையில் காளைக் கன்றுக்காவது ஒரு விலை இருந்தது. துறைமுகத்துச் சரக்கெல்லாம் கட்டை வண்டியில் போன காலம் அது. எண்ணூரில் அசோக் லேலண்டு ஆலை 1950களில் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. லாரிகள் பெருகப் பெருகக் காளைக் கன்றின் மதிப்பு இறங்கியது. பட்டினி கிடந்த கன்றுகள் பல செத்தன. வைக்கோல் கன்றுகள் பெருகின.

இன்று வடசென்னையிலும் பெரும்பாலான வீடுகளுக்குப் பால் பாக்கெட்டில் வருகிறது. அந்தப் பாலைக் கறக்கும் வேலை கிராமத்துச் சிறு விவசாயியிடம் இருக்கிறது. ஆகவே கன்றைப் பற்றிய கேள்வியும் நகரத்துச் சந்திலிருந்து நம் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஊசி வேண்டாம்

வைக்கோல் கன்றைச் சுமப்பதற்குச் சோம்பல்பட்டவர்கள் கண்ட குறுக்கு வழி ஊசி. மாட்டின் உடலில் தானாகச் சுரக்க வேண்டிய ஆக்சிடோசினை மருந்துக் கடையில் வாங்கி வேளைதோறும் குத்துகிறார்கள். ஊசிக்குப் பழகிய மாடு பிறகு ஊசி இல்லாமல் பால் இறக்குவதில்லை. தினம் இருவேளை குத்து வாங்கும் மாட்டுக்குக் கறவை நேரம் என்றாலே பயம் வந்துவிடும். இந்த மருந்து ஈற்று நேரச் சிக்கல்களுக்குக் கால்நடை மருத்துவர் பயன்படுத்த வேண்டியது. நாமாக வாங்கிப் போடக் கூடாது.

சட்டமும் இதைத் தடுக்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, கறவை மாட்டின் உடல்நலம் கெடும்படி பாலைப் பெருக்க எதையும் ஊசி மூலம் செலுத்துவது குற்றம். 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாட்டையும் அரசு பறிமுதல் செய்யலாம்.

இந்தச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தவர் ஒரு நடனக் கலைஞர் என்பது பலருக்குத் தெரியாது. 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர். 1952இல் ராஜ்யசபை உறுப்பினரான அவர், விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கத் தாமே ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அந்த முயற்சியின் பயனாகவே 1960ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

சிற்பம் காட்டும் கறவை முறை

கிருஷ்ண மண்டபத்தில் உள்ளபடியே நம் கொட்டகையிலும் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

1. தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் கறக்க வேண்டும். கூச்சல், நாய், புதிய ஆள் எதுவும் அருகில் கூடாது.

2. மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவிச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். இது மடிநோயையும் தடுக்கும், பாலையும் இறக்கும்.

3. நாட்டுப் பசுவிலும் எருமையிலும் கன்றை முதலில் ஒரு நிமிடம் ஊட்ட விட வேண்டும். பிறகு கன்றைப் பிடித்துத் தாயின் முகத்துக்கு நேராக, நாக்கு எட்டும் தூரத்தில் கட்ட வேண்டும். பின்னால் கட்டக் கூடாது. மறைவில் கட்டினால் தாய் தேடிக்கொண்டே நிற்கும்.

4. கட்டை விரலை மடக்கிக் கறக்கக் கூடாது. அதனால் காம்பு புண்படும். முழுக்கையால் பிடித்துக் கறக்க வேண்டும். ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.

5. கறந்து முடித்ததும் கன்றை மீண்டும் ஊட்ட விட வேண்டும். மடியை ஒட்டக் கறந்துவிட்டு வெறும் காம்பைக் கன்றுக்குக் காட்டுவது ஊட்ட விடுவதாகாது.

ஜெர்சி, பிரீசியன் கலப்புப் பசுக்கள் கன்று இல்லாமலும் கறக்கும். முதல் ஈற்றிலிருந்தே அப்படிப் பழக்கியிருக்க வேண்டும். அந்த மாடுகளின் கன்றுகளுக்குப் பாலை அளந்து ஊட்ட வேண்டும். கன்று இறந்துவிட்டால் கறக்கும் நேரத்தில் அடர்தீவனத்தை முன்னால் வைத்து, மடியை நன்றாகத் தடவிக் கொடுத்து, அதே ஆள் பொறுமையாகக் கறந்து பழக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கன்றுக்கு உரிய பங்கு

ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் கொடுக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போவது சீம்பால் வழியாகத்தான். பிறந்த சில மணி நேரம் கழிந்தால் அதைக் கிரகிக்கும் சக்தி கன்றின் குடலுக்குக் குறைந்துகொண்டே போகும்.

தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவ வேண்டும். முதல் மாதத்தில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். இதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இரண்டாம் வாரத்திலிருந்து சிறிது கன்றுத் தீவனமும் இளம்புல்லும் காட்ட வேண்டும். பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் முதல் தடவை குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுக்கலாம். மருந்தின் அளவைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'இரண்டரை லிட்டர் பாலை விற்றால் காசாகுமே' என்று தோன்றலாம். அந்தப் பாலை விற்றவர் சில வருடம் கழித்துக் கிழப் பசுவுக்குப் பதில் இன்னொரு பசு வாங்கச் சந்தைக்குக் கடன் பணத்தோடு போக வேண்டியிருக்கும். ஊட்டி வளர்த்தவரின் கொட்டகையில் நல்ல கலப்புக் கிடாரி சுமார் இரண்டரை வருடத்தில் ஈன்று நிற்கும். காளைக் கன்றே அதிகம் பிறக்கிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு இப்போது பாலினம் பிரித்த உறைவிந்து வந்திருக்கிறது. அதைப் போட்டால் பெரும்பாலும் கிடாரிக் கன்றே பிறக்கும். உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம்.

திருவொற்றியூரில் ஆடு பெற்ற மன்றாடிகளும் நம்மைப் போன்ற சிறு குடியானவர்கள்தான். அவர்களிடம் ஊசி இல்லை, உறைவிந்து இல்லை, மருந்தகம் இல்லை. குட்டிக்கு உரியதைக் குட்டிக்குக் கொடுத்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். சாவா மூவாப் பேராடு என்று கல்லில் எழுதியதற்குப் பொருள் தந்தவர்கள் அவர்களே.

இன்று மாலை கறவைக்கு உட்காரும்போது உங்கள் கன்று எங்கே கட்டியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். தாயின் நாக்குக்கு எட்டும் தூரத்தில் இல்லையென்றால் அவிழ்த்துக் கொண்டுவந்து முன்னால் கட்டுங்கள்.